செடானா, எஸ்.யூ.வி.யா, ஏழு பேர் வண்டியா? – வாசகர் கேள்வி பதில்

குடும்பத்துக்குக் கார் வாங்குவது குறித்துக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நாங்கள் இருவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், என் அத்தை என ஐந்து பேர். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாதம் ஒரு முறை கோவைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். பெரும்பாலும் வண்டி ஓட்டுபவள் நான்தான். எனக்கு வெர்னா போன்ற செடான் (டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்வான கார்) பிடித்திருக்கிறது. என் கணவரோ, தோட்டத்து இட்டேரியில் (இருபுறமும் வேலியுள்ள மண் பாதை) செடான் அடி தட்டும், கிரெட்டா போன்ற உயரமான எஸ்.யூ.வி.தான் சரி என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் இருவரும் சொல்லும் வண்டிகள் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள், இரண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருபவை, சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே எஞ்சினைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, உருவத்தை மாற்றுவதால் எதைக் கொடுக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று மட்டும் பார்த்தால் போதும்.

2023-இல் வந்த வெர்னாவின் நீளம் 4,535 மில்லிமீட்டர், 2024-இல் புதுப்பிக்கப்பட்ட கிரெட்டாவின் நீளம் 4,330. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் வெர்னாவில் 2,670, கிரெட்டாவில் 2,610. டிக்கி வெர்னாவில் 528 லிட்டர், கிரெட்டாவில் 433. பார்வைக்குப் பெரிதாக நிற்கும் வண்டி, அளவுநாடாவுக்குச் சிறிதாகிவிடுகிறது. கிரெட்டா பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உயரம் ஒன்றே. அது 1,635 மில்லிமீட்டர், வெர்னா 1,475. மைலேஜ் கணக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு வேறுபடுவதில்லை. கையால் கியர் மாற்றும் வகையில் சோதனைச் சான்றிதழின்படி வெர்னா லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர், கிரெட்டா 17.4. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் ஏறத்தாழ 56 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நிலையில் ஐந்தரை ஆயிரம் ரூபாய் சொச்சம். அந்தத் தொகைக்காக எந்தக் குடும்பமும் முடிவை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. நான்குவழிச் சாலையில் வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுவதால், உயரமான வண்டிக்கு அங்கே மட்டும் இந்த இழப்பு சற்றுக் கூடும்.

இனி இட்டேரி. உங்கள் கணவரின் கவலை நியாயமானதே, ஆனால் அதை அளந்து பார்த்த பிறகு கவலைப்படலாம். மாட்டு வண்டி போன காலத்தில் இட்டேரியின் இரு தடங்களும் ஆழமற்றவை. டிராக்டரும் டிரெய்லரும் போகத் தொடங்கிய பிறகு தடங்கள் குழிந்து, நடுவே புல் முளைத்த மேடு உயர்ந்து நிற்கிறது. அந்தப் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் கல்தான் காரின் அடிவயிற்றைக் கிழிப்பது. ஒரு நேரான மூங்கிலை நடுமேட்டின் மீது குறுக்காக வைத்து, அதிலிருந்து தடத்தின் அடிவரை அளந்து பாருங்கள். வெர்னாவின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், கிரெட்டாவினுடையது 190. வித்தியாசம் ஓர் அங்குலம். இவை காலி வண்டியின் அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு தேங்காய் மூட்டையும் போட்டால் பின்பக்க ஸ்பிரிங் அழுந்தி இரண்டு வண்டிகளுமே தாழ்ந்துவிடும். மேடு ஐந்து அங்குலத்துக்குள் இருந்தால் செடான் பதமாகப் போய்வரும். ஏழு அங்குலம் இருந்தால், ஆள் ஏறிய கிரெட்டாவும் உரசத்தான் செய்யும். இடைப்பட்ட நிலையில் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டின் மீதும் மறுபக்கச் சக்கரத்தை வேலியோரக் கரையிலும் ஏற்றி ஓட்டுவது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். இட்டேரி அகலமாக இருந்து, கிளுவை முள் வண்டியின் பக்கவாட்டைக் கீறாமல் இருந்தால் அதுவே போதும். ஒரு டிப்பர் கிராவல் கொட்டித் தடங்களை நிரப்பினாலும் இந்தச் சிக்கல் தீரும். ஒரே ஓர் அங்குலத்துக்காக வண்டியின் இனத்தையே மாற்றுவதை விட அது மலிவான வழி.

அப்படியானால் செடான்தானே என்று நீங்கள் மகிழ்வதற்கு முன், நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்த விஷயத்துக்கு வருகிறேன்: உங்கள் அத்தையின் முழங்கால்.

என் தாயாருக்காக ஒரு தாழ்வான செடானை வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. வண்டியைப் பார்க்கப் போன அன்று அவர் சுலபமாகத்தான் ஏறி அமர்ந்தார். அமர்வது என்பதை விட, கடைசி நான்கு அங்குலம் இருக்கையில் விழுந்தார் என்பதுதான் சரி. இறங்கும்போது ஒரு கையால் முன் இருக்கையின் தலைப்பகுதியைப் பற்றி, மறு கையால் தன் வலது முழங்காலைத் தூக்கி வெளியே வைத்து, சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு எழுந்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆறு மாதங்களில் எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும், “நீங்க போயிட்டு வாங்க கண்ணு, எனக்கு வெயில் ஆகறதில்லை” என்றார். மார்கழி மாதத்திலும் அதையே சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

மூட்டுவலி உள்ளவருக்கு ஏற்ற இருக்கை, வீட்டில் அவர் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலியின் உயரத்தில் இருக்க வேண்டும். வாசலில் போட்டு உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு ஷோரூமுக்குச் செல்லுங்கள். செடானின் பின் இருக்கை அதை விடத் தாழ்வாக இருக்கும்; பெரிய எஸ்.யூ.வி.களில் மிக உயர்ந்து, படி வைத்து ஏற வேண்டியிருக்கும். கிரெட்டா அளவிலான வண்டிகளில் பெரும்பாலும் ஒத்துவரும். அத்தையை அழைத்துச் சென்று, வழக்கமாகக் கட்டும் சேலையோடு, மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை உற்சாகத்தில் வலி தெரியாது. மூன்றாம் முறை இறங்கும்போது அவர் கை எதைத் தேடுகிறது என்று பாருங்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை கிரெட்டாவோ, அதே உயரத்திலுள்ள வேறொரு வண்டியோதான். உங்கள் கணவர் சொன்ன காரணம் தவறு, முடிவு சரி. ஓட்டுபவர் நீங்கள் என்பதால் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்: செடானில் திரும்பும் அதே வேகத்தில் உயரமான வண்டியை வளைவில் திருப்பினால், பின்னால் இருப்பவர்கள் ஒருவர் மீது ஒருவர் சாய்வார்கள்.

கேள்வி: ஆடிக் காற்றில் தாராபுரம் சாலையில் நண்பரின் எஸ்.யூ.வி.யில் சென்றேன். லாரியைக் கடந்து வெளியே வந்ததும் வண்டி ஒரு பக்கம் தள்ளப்பட்டதைப் போல் இருந்தது. எஸ்.யூ.வி. என்றால் பாதுகாப்பு என்றல்லவா சொல்கிறார்கள்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: காற்றாலைகளுக்கு நடுவே வாழ்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தமே. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வந்து, பல்லடம், உடுமலை, தாராபுரம் சமவெளியில் விரிகிறது. காற்றாலைகளை அங்கே நட்டதற்குக் காரணமும் அதுதான். வடக்கும் தெற்குமாக ஓடும் சாலைகளில் இந்தக் காற்று வண்டியின் விலாவில் அடிக்கிறது. வண்டி உயரமாக இருந்தால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடும், அது தள்ளும் இடமும் தரையிலிருந்து மேலே இருக்கும். லாரியின் மறைவில் செல்லும்போது காற்று நின்றுவிடுகிறது. நீங்கள் அதற்கேற்பத் தளர்வாகப் பிடித்திருக்கும் ஸ்டீயரிங், மறைவை விட்டு வெளியே வந்த நொடியில் திடீரென அடிக்கும் காற்றுக்குத் தயாராக இருப்பதில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, வேகத்தைப் பத்துப் பதினைந்து குறைத்துக் கடப்பதே இதற்கு வழி. தாழ்ந்த செடானில் இந்தத் தள்ளல் குறைவாக இருக்கும்.

பாதுகாப்பு என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோதிய பிறகு காப்பது ஒன்று, மோதாமல் தப்புவது மற்றொன்று. ஒரு வண்டி கவிழ்வதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதை, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை எடையின் மையப்புள்ளி இருக்கும் உயரத்தால் வகுத்து மதிப்பிடுவார்கள். அகலம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, உயரம் மட்டும் கூடினால் அந்த எண் குறைகிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயக் கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவை தரையோடு தரையாகப் படுத்திருப்பது அழகுக்காக அல்ல. எனவே உயரமான வண்டி வாங்குபவர்கள், வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் இ.எஸ்.சி. வசதி தாங்கள் வாங்கும் வகையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முன்பணம் கட்ட வேண்டும்.

மோதலைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்.சி.ஏ.பி. சோதனை நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பகுதியை ஒரு பக்கமாகத் தடுப்பின் மீது மோதவிட்டு, உள்ளே உள்ள பொம்மைகளுக்கு நேரும் பாதிப்பை அளக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய எஸ்.யூ.வி.கள் உண்டு; நான்கு மீட்டருக்குள் அடங்கும் டிசையர் செடானும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. உருவத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. பின் இருக்கையில் பெல்ட் போடாதவருக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தும் பயனில்லை. நம் பக்கத்துக் கல்யாண வண்டிகளில் பின் இருக்கை பெல்ட்டை இருக்கை உறைக்குள்ளேயே புதைத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

கேள்வி: ஜெர்மனியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, செடானின் பின்பகுதியைக் கூரை வரை நீட்டியதைப் போன்ற ஸ்டேஷன் வேகன்களைத் தெருவெல்லாம் பார்த்தேன். ஜவுளி மூட்டையும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம். இங்கே ஏன் கிடைப்பதில்லை?
– வாசகர், ஈரோடு

பதில்: கிடைத்தது, நாம்தான் வாங்கவில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாருதி, பலேனோ ஆல்டுராவைக் கொண்டுவந்தது. 2004-இல் டாடாவின் இண்டிகோ மரீனா வந்தது. ஓட்டியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள், எதுவும் நிலைக்கவில்லை. டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் முதலாளி வண்டி, பின்னால் கூரை நீண்டிருந்தால் சரக்கு வண்டி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருந்தது. சாமான் ஏற்றும் வண்டியில் பெண் பார்க்கப் போவதா என்று ஒரு பெரியவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

செடானின் தாழ்வும் நிதானமும் குறையாமல், எஸ்.யூ.வி.யை விட நீளமான சரக்குத்தளம் கிடைக்கும் என்பதால், ஈரோட்டு ஜவுளிக்காரருக்கு வேகனைப் போலப் பொருந்தும் வண்டி வேறில்லை என்பது என் கருத்து. அது இன்று நடுத்தர விலையில் புதிதாகக் கிடைப்பதில்லை. வேகன் ஆர் பெயரில் மட்டுமே வேகன். அது உயரமான சிறிய கார், டிக்கி 341 லிட்டர். ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறி இறங்க அதைப் போல் எளிதான சிறிய வண்டி குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு வேகனின் வேலையைச் செய்யக்கூடியது எர்டிகா போன்ற எம்.பி.வி., அதாவது மூன்று வரிசை இருக்கையுள்ள ஏழு பேர் வண்டி. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது அதன் டிக்கி 209 லிட்டர்தான், இரண்டு பெட்டிக்கு மேல் போகாது. அதை மடக்கினால் 550, இரண்டாம் வரிசையையும் மடக்கினால் 803 லிட்டர். ஐந்து பேர் வண்டியாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறை ஏழு பேர் வண்டியாக்கினால் அதைப் போல் பயன்படும் வண்டி இல்லை. மூன்றாம் வரிசையை மடக்கியபின் தளம் சமமாக இருக்கிறதா என்பதை ஒரு ஜவுளிக் கட்டைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் நான்கு மீட்டருக்குள் வரும் எந்த எஸ்.யூ.வி.யும் லாபம்தானே?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. நீளத்தோடு எஞ்சினையும் பார்க்கிறார்கள். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாமல், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால்தான் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். முன்பிருந்த செஸ் என்ற கூடுதல் வரி நீக்கப்பட்டுவிட்டது. டிசையரும் பிரெஸாவும் ஒரே நிறுவனத்தின் வண்டிகள், நீளமும் ஒன்றே, 3,995 மில்லிமீட்டர். டிசையரின் எஞ்சின் 1,197 சி.சி. என்பதால் 18 சதவீதம். பிரெஸாவின் 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு 40 சதவீதம்.

இதற்கு மேல் மாநிலத்தின் வாழ்நாள் வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்தபடி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும் வகையைத் தேர்ந்தெடுத்தால், கூரைக் கண்ணாடிக்காகவோ பெரிய திரைக்காகவோ கூடுதலாகக் கொடுக்கும் தொகையோடு வரியிலும் அரை லட்சம் எகிறிவிடும். பத்து லட்சத்தைத் தாண்டிய பில்லில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் ஈடாகக் கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால். எனவே ஷோரூம் விலையை வைத்து ஒப்பிடாமல், இரண்டு வண்டிகளுக்கும் வரிகளெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையைத் தாளில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு மூன்று முறை ஏழு பேராக வால்பாறை போகிறோம். குழந்தைகள் வழியெல்லாம் வாந்தி எடுக்கிறார்கள். வண்டியை மாற்றினால் தீருமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள், எந்த வண்டியாலும் முழுமையாகத் தீராது, ஆனால் குறைக்கலாம். குழந்தைகளை மூன்றாம் வரிசையில் அடைப்பதுதான் முதல் தவறு. அந்த வரிசை பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் குலுக்கலும் ஆட்டமும் அங்கேதான் அதிகம், வெளியே பார்க்க ஜன்னலும் சிறிது. அவர்களை நடு வரிசைக்கு மாற்றிவிட்டு, உறுதியான வயிறுள்ள இரண்டு பெரியவர்கள் பின்னால் போகட்டும். உயரமான எஸ்.யூ.வி. வளைவில் அதிகமாகச் சாயும்; எம்.பி.வி. அதை விடக் குறைவாகச் சாயும். மலைக்கு நான்கு சக்கர இழுவை தேவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தார்ச்சாலைக்கு அது தேவையில்லை; கிரெட்டா, நெக்ஸான், பிரெஸா, வென்யூ எதிலும் அது கிடையாது. இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், ஏழு பேர் எடையைப் பிரேக் மட்டும் தாங்க வேண்டியிருக்காது.

கேள்வி: பனியன் நிறுவனத்தில் வேலை. கையில் ஆறு லட்சம். பழைய எஸ்.யூ.வி. பார்க்கிறேன், எல்லாம் விலை அதிகமாக இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: எல்லோரும் எஸ்.யூ.வி. தேடுவதால்தான் விலை ஏறியிருக்கிறது; அதே காரணத்தால் பழைய செடான்கள் அவற்றின் தகுதிக்குக் குறைந்த விலையில் நிற்கின்றன. ஹோண்டா சிட்டி, சியாஸ், வெர்னா ஆகியவற்றின் பெட்ரோல் வகைகளைப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி மலிவாகக் கிடைத்தாலும், தினமும் வீட்டுக்கும் கம்பெனிக்குமாக நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு அது ஆகாது. அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, நீண்ட ஓட்டத்தில் சூடேறி, அந்தக் கரி எரிந்தால்தான் சுத்தமாகும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு, அந்தக் குழியைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் அங்கே மெல்லிய வண்டல் தங்கியிருக்கும். பின்னால் இடிபட்டு நிமிர்த்திய வண்டியில் அங்கேதான் தகடு சுருங்கியிருக்கும்.